சேம அச்சு

போடிநாயக்கனூரிலிருந்து மலைக்கு ஏறும் சரக்கு கனமானது. மலையிலிருந்து இறங்கும் சரக்கு விலை மிகுந்தது. அரிசியும் சிமெண்டும் உரமூட்டைகளும் ஏறுகின்றன, ஏலக்காய் இறங்குகிறது. போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் இவற்றைச் சுமப்பவர்களில் பலர் ஒற்றை வண்டிக்காரர்கள். முதலாளியும் ஓட்டுநரும் ஒருவரே. 'சொந்த வண்டி' என்று சொல்லும்போது அவர்கள் குரலில் ஒரு பெருமிதம் ஒலிக்கும். கடைசித் தவணை கட்டும்வரை ஆர்.சி. புத்தகத்தில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயரும் சேர்ந்தே இருக்கும் என்பது வேறு விஷயம்.

என் தமக்கை வாழ்க்கைப்பட்ட ஊர் பொட்டிபுரம். நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தின் வழியாகப் பலரும் கேள்விப்பட்டிருக்கும் ஊர்தான். அவள் மகன் பத்தாண்டுகளாகப் பிறர் லாரிகளை ஓட்டியவன். சென்ற ஆண்டு பழைய லாரி ஒன்றை விலைபேசிவிட்டு, ஜாமீன் கையெழுத்துக்காக என்னிடம் வந்தான். அரசுச் சம்பளக்காரன் எங்கள் குடும்பத்தில் நான் ஒருவன்தான். கையில் ஒரு கணக்குத்தாள் வைத்திருந்தான். டீசல், டயர், காப்பீடு, எஃப்.சி., லோடுமேன் கூலி, புக்கிங் ஆபீஸ் கமிஷன், மாதத் தவணை எல்லாம் அதில் இருந்தன.

"உன் சம்பளம் எங்கேடா?" என்றேன்.

"மிஞ்சுறதுதான் மாமா சம்பளம்."

அந்த மிச்சத்தை யார் தீர்மானிக்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலமையத்தில் ஏலக்காய் கிலோ 7000 ரூபாயைத் தொட்டது. லாரிக்காரருக்கு அதில் ஒன்றுமில்லை. வாடகை மூட்டைக்கும் எடைக்கும்தானே ஒழிய விலைக்கு அல்ல. தவிரவும், 2018 வெள்ளமும் அடுத்து வந்த வறட்சியும் விளைச்சலைக் குறைத்ததால்தான் அந்த விலை. விலை ஏறிய ஆண்டில் ஏற்றுவதற்கு மூட்டை குறைவு. டீசலோ 2014 அக்டோபரில் அரசின் விலைக் கட்டுப்பாட்டிலிருந்து விலகியது. 2017 ஜூன் முதல் விலையை நாள்தோறும் மாற்றும் முறையும் வந்தது. ஆக, செலவு சந்தையைப் பொறுத்தது. வரவு பேரத்தைப் பொறுத்தது.

எண்ணெய் விளையும் பூமியிலும் ஒற்றை வண்டிக்காரரின் கதை வேறல்ல. அமெரிக்காவின் டெக்சாஸ் எண்ணெய் வயல்களில் விலை ஏறும்போது கிணறுகளுக்கு மணலும் நீரும் கொண்டுசெல்ல லாரிகள் ஏராளமாகத் தேவைப்படும். நல்ல காலத்தை நம்பிக் கடனில் வண்டி வாங்குவார்கள். 2020 ஏப்ரல் 20 அன்று அங்கே கச்சா எண்ணெயின் முன்பேர விலை பூஜ்யத்துக்கும் கீழே சென்றது. கிணறு நின்றால் லாரி நிற்கும், தவணை நிற்பதில்லை.

புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் அதியமானின் மகன் பொகுட்டெழினியைச் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். பாரம் மிகுந்த வண்டிக்கு வழியில் என்ன நேருமோ என்றெண்ணி, உப்பு வணிகர்களான உமணர் அடியில் ஓர் உபரி அச்சைக் கட்டிவைப்பார்களாம். உமணர் சாத்தாகச் சென்றவர்கள் என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். ஒரு வண்டி முறிந்தால் மற்ற வண்டிகள் பக்கத்தில் இருந்தன. இன்றைய உமணனோ தனியே செல்கிறான். அதே லோடுக்கு இன்னும் குறைந்த வாடகை சொல்லும் இன்னொரு லாரிக்காரன்தான் அவனுக்குப் பக்கத்தில் இருக்கிறான்.

சாத்து போனபின் மிஞ்சியது உறவு. ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம் என்கிறது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவு. மகளின் மேற்படிப்புக்குச் சேர்த்துவைத்ததை நினைத்து என் மனைவி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "அக்கா முகத்துக்காகப் போட்டுடுங்க" என்றாள். போட்டேன்.

சரக்குக்குக் காப்பீடு எடுக்க முடிகிறது. கடன் கொடுத்தவருக்கு என் கையெழுத்து இருக்கிறது. ஓட்டுகிறவனுக்கென்று கட்டிவைத்த அச்சு மட்டும் எங்கும் இல்லை. ஒரு தொழிலின் இடர் முழுவதையும் ஒரு குடும்பத்தின் பாசத்தின்மீது ஏற்றிவைத்துவிட்டு, அதற்குச் 'சுயதொழில்' என்று பெயரிட்டிருக்கிறோம். அவன் வண்டி மலை ஏறும் நாட்களில் மழைச் செய்தியைக் கவனித்துக் கேட்கிறேன்.