எழுதாமல் மீட்பவர்கள்

2021 டிசம்பர் 17ஆம் தேதி பிடித்த மழையில் மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கு மூழ்கியபோது, ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் தரைவீடுகளின் கூரைவரை தண்ணீர் ஏறியது. அந்தப் பருவ வெள்ளத்தில் நாடு முழுவதும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இழப்பு 6.1 பில்லியன் ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை பின்னர் கணக்கிட்டது. தண்ணீர் வடிந்ததும் வீட்டு வாசல்களில் மெத்தை, பீரோ, குளிர்பெட்டி என்று மலைபோலக் குவிந்தன. நடுவே சேறு அப்பிய கணினிகளும் கிடந்தன. குப்பை லாரிகள் அவற்றையும் அள்ளிப்போயின. பிள்ளைகளின் முதல் பிறந்தநாள், செத்துப்போன பாட்டியின் குரல், கோயில் திருப்பணிக் கணக்கு எல்லாம் அவற்றோடு போயின.

எல்லாமே போய்விடவில்லை என்று சொன்னவர் நிவாரண வேலைக்குப் போயிருந்த நண்பர். "காய வைக்காதீங்க. வெயில்ல வைக்காதீங்க. கரண்ட் மட்டும் கொடுத்துராதீங்க. ஈரத்தோடயே பிளாஸ்டிக் பையில கட்டிக் கொண்டாங்க" என்று ஒரு பெண்மணி தொண்டர்களுக்குக் குரல்பதிவு அனுப்பிக்கொண்டே இருந்தாராம். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. சாதாரண ஹார்ட்டிஸ்க்கின் மூடியில் காற்றுப் போய்வர வடிகட்டியோடு ஒரு சிறு துளை இருக்கும். மூழ்கினால் அதன் வழியே தண்ணீர் உள்ளே போய்விடும். சேற்றுநீர் காய்ந்தால் அதிலுள்ள உப்பும் மண்ணும் உள்ளே சுழலும் தட்டின்மேல் இறுகிப் படியும். ஈரமாக இருக்கும்வரை கழுவி எடுக்க வழி உண்டு. காயாமலே மின்சாரம் கொடுத்தாலோ எல்லாம் முடிந்தது. அந்தப் பெண்மணியைப் பார்க்க வேண்டும் என்றேன். நண்பர் அறிமுகப்படுத்தினார்.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்சில் ஜாலான் துன் சம்பந்தனிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், பூக்கடைக்கு மேல்மாடியில் அந்தப் பெண்மணியின் அறை. வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. உள்ளே இரண்டு மேசைகள். ஒன்றில் வடிகட்டிய காற்றைச் சீராக ஊதும் கண்ணாடிக் கூண்டு. அது அந்தப் பெண்மணியின் இடம்; நான் அவரை அக்கா என்றேன். ஹார்ட்டிஸ்க்கைத் திறந்து உள்ளுறுப்பை மாற்றுவது அவர் வேலை. மற்றதில் கணினிகள், அது அவருடைய அக்கா மகனின் இடம்; அவன் எனக்குத் தம்பி. உடைந்த பார்ட்டிஷனையும் சிதைந்த ஃபைல் சிஸ்டத்தையும் சரிசெய்வது அவன் பொறுப்பு. அக்காவை அவன் "சின்னம்மா" என்று கூப்பிடுகிறான். தேவைக்கு மேல் இருவரும் பேசுவதில்லை.

நான் போயிருந்தபோது கிள்ளானிலிருந்து ஒரு கல்யாணப் போட்டோ ஸ்டூடியோவின் ஹார்ட்டிஸ்க் வட்டு வந்திருந்தது. பல வருடத்துப் படங்களை நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி ஒன்றில் வைத்திருந்தார்கள். ஆண்டில் ஏறக்குறைய பாதி நாள் இடி இடிக்கும் வட்டாரம் இது. ஒரு சாயங்கால இடியில் பெட்டி செத்தது. வட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்டூடியோப் பையன் அதைக் கழற்றி விண்டோஸ் கணினியில் செருகினான். அந்த மாதிரிப் பெட்டிகளுக்குள் ஓடுவது லினக்ஸ். அதன் ஃபைல் சிஸ்டத்தை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. "ஃபார்மேட் செய்யட்டுமா?" என்று கேட்டது. பையன் சரி என்று அழுத்திவிட்டான்.

"வர்றதுல பாதி இந்தக் கேஸ்தான் அண்ணே" என்றான் தம்பி. "மீதியில நெறைய, இடம் பத்தலைன்னு பார்ட்டிஷனைப் பெருசு சிறுசு பண்ணப் போயி மாட்டிக்கிட்டது."

பார்ட்டிஷன் என்பது நிலத்தில் நட்ட அளவுக்கல். ஃபைல் சிஸ்டம் அந்த நிலத்தில் கட்டிய வீடு. நிலத்தைப் பெருக்க வேண்டுமானால் முதலில் கல்லைத் தள்ளி நட்டுவிட்டு வீட்டை நீட்டலாம். சுருக்க வேண்டுமானால் வரிசை தலைகீழ்: வீட்டைச் சுருக்கிய பிறகே கல்லை நகர்த்த வேண்டும். முறை மாறினால் சுவரின் நடுவில் கல் விழும். லினக்ஸ் அந்த வட்டை ஏற்க மறுக்கும். அந்த நேரத்தில்கூட ஒன்றும் போய்விடவில்லை. கல்லைப் பழைய இடத்திலேயே நட்டால் வீடு அப்படியே திரும்பக் கிடைக்கும். பதற்றத்தில் பழுதுபார்க்கும் கட்டளையை ஓடவிட்டு, அது கேட்கும் கேள்விக்கெல்லாம் ஆம் ஆம் என்று தட்டுகிறார்களே, அதில்தான் வீடு இடிகிறது. அந்தக் கட்டளை சுவடுகளை வைத்து ஊகிக்கும். சொந்தம் தெரியாத கோப்புகளுக்கு வெறும் எண்ணைப் பெயராகச் சூட்டி ஒரு மூலையில் கொட்டிவிடும். பார்ட்டிஷனின் தொடக்கத்தையே இடம் மாற்றும்போது நடுவில் மின்சாரம் போவதுதான் எல்லாவற்றிலும் மோசம். பாதிச் சரக்கு புது இடத்தில், பாதி பழைய இடத்தில் இருக்கும். எல்லை எங்கே என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதனால் இந்த அறையில் முதல் விதி ஒன்றே ஒன்று: வந்த வட்டில் ஒரு பைட்கூட எழுதக் கூடாது. தம்பி முதலில் வட்டை எழுத முடியாதபடி பூட்டுகிறான். பிறகு டிடிரெஸ்க்யூ என்ற கட்டற்ற மென்பொருளால் முழு வட்டையும் வேறொன்றில் நகலெடுக்கிறான். படிக்க வரும் பகுதிகளை அது முதலில் அள்ளிக்கொள்ளும். முரண்டு பிடிக்கும் இடங்களைத் தாண்டிப் போய், கடைசியில் திரும்பி வந்து சுரண்டும். எது படித்தாயிற்று, எது பாக்கி என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டே போவதால், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இனி எந்தச் சோதனையும் நகலில்தான். அந்த நகலைத் திறக்கும்போதும் தம்பி ஒரு கவனம் வைக்கிறான். லினக்ஸின் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தை 'படிக்க மட்டும்' என்று சொல்லித் திறந்தாலும், அது தன் குறிப்பேட்டில் முடியாமல் கிடக்கும் வேலைகளைத் தானாக முடித்து வைக்கப் பார்க்கும். அதாவது எழுதும். 'நோலோடு' என்ற சொல்லையும் சேர்த்துக் கொடுத்தால்தான் கையைக் கட்டிக்கொண்டு இருக்கும்.

நகல் முடிந்ததும் வட்டின் உள்ளடக்கத்தைப் பதினாறடிமான எண்களாகவே திரையில் விரித்தான். பதினாறு பதினாறாக வரிசைகள் மேலே நகர்ந்தன. அவன் தேடியது இரண்டே பைட்டுகள்: 53 ஈஎஃப். 1993இல் ரெமி கார்டு வெளியிட்ட எக்ஸ்ட்2 முதல் இன்றைய எக்ஸ்ட்4 வரை, இந்தக் குடும்பத்தின் எந்த ஃபைல் சிஸ்டத்திலும் அதன் தலைமைக் குறிப்பான சூப்பர் பிளாக்கில் இந்த முத்திரை இருக்கும். சூப்பர் பிளாக் ஃபைல் சிஸ்டத்தின் தொடக்கத்திலிருந்து 1024ஆவது பைட்டில் ஆரம்பிக்கும். முத்திரை அதிலிருந்து 56 தள்ளி. முத்திரை கிடைத்தால் பின்னோக்கி எண்ணி, தொலைந்துபோன பார்ட்டிஷன் எங்கே தொடங்கியது என்று சொல்லிவிடலாம்.

தலைமைக் குறிப்பு அழிந்துபோயிருந்தால்? அதற்கும் இதைக் கட்டியவர்கள் அன்றே வழி செய்து வைத்திருக்கிறார்கள். வட்டைக் குழுக்களாகப் பிரித்து 1, 3, 5, 7, 9, 25, 27, 49 என்று 3, 5, 7 ஆகியவற்றின் அடுக்குகளில் வரும் குழுக்களிலெல்லாம் ஒரு நகல் வைத்திருக்கிறார்கள். வழக்கமான அமைப்பில் முதல் நகல் 32768ஆவது பிளாக்கில், அடுத்தது 98304இல், அதற்கடுத்தது 163840இல். தம்பிக்கு இந்த எண்கள் வாய்ப்பாடு. எங்கோ யாருக்கோ ஒரு நாள் கை தவறும் என்று முப்பது வருடத்துக்கு முன்பே நினைத்துப் பார்த்துச் செய்த ஏற்பாட்டைக் கண்டு எனக்கு மனம் நெகிழ்ந்தது.

ஸ்டூடியோவுக்கு நல்ல நேரம். விண்டோஸ் ஃபார்மேட் செய்தபோது எழுதியதில் பெரும்பகுதி, வட்டின் முன்பக்கத்தில் பெட்டி தன் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த இடத்தில் விழுந்திருந்தது. படங்கள் அதற்குப் பின்னால் இருந்தன. இடையில் ரெய்டு என்ற அடுக்கு ஒன்றையும் பிரிக்க வேண்டியிருந்தது. நீண்ட, வறண்ட வேலை, அதை விட்டுவிடுகிறேன். ஒரு கட்டத்தில் தம்பி நிறுத்தித் திரையைத் தொட்டுக் காட்டினான். "இங்க பாருங்கண்ணே, தமிழு."

வலப்பக்கம், எழுத்து தெரிய வேண்டிய இடத்தில் வெறும் புள்ளிகள். இடப்பக்கம் ஈ0 ஏஈ, ஈ0 ஏஎஃப் என்ற ஜோடிகள் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. யூனிகோடு தமிழை யூடிஎஃப்-8 முறையில் எழுதினால் ஒவ்வொரு குறியும் இந்த இரு ஜோடிகளில் ஒன்றோடுதான் தொடங்கும். ஸ்டூடியோக்காரர் ஃபோல்டர்களுக்குத் தமிழில் பெயர் வைத்திருக்கிறார். பெயர்ப்பட்டியல் பிழைத்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். பட்டியல் அழிந்திருந்தால் ஃபோட்டோரெக் போன்ற மென்பொருள் படங்களை அவற்றின் தலைப்பு பைட்டுகளை வைத்தே பொறுக்கி எடுக்கும். ஆனால் யார் கல்யாணம், எந்த ஊர், எந்த வருடம் என்பதெல்லாம் போய், எண்ணிட்ட படங்களின் குவியல்தான் மிஞ்சும். கோலாலம்பூர் 2001இல் தமிழ் இணைய மாநாட்டை நடத்திய ஊர். முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறனும் மலேசியர்தான். அவரைப் போன்றவர்கள் பாடுபட்டுக் கணினிக்குள் கொண்டுபோன எழுத்து, பூக்கடை மாடியில் ஒரு குடும்பத்தின் கல்யாணப் படங்களை இன்னார் படமென்று அடையாளம் காட்டிக்கொண்டிருந்தது.

அக்காவிடம் பேச நேரம் கிடைத்தது பிற்பகலில்தான். காப்பார் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். அப்பா பால்மரம் வெட்டியவர். எஸ்பிஎம் தேர்வு எழுதிய கையோடு, விடியற்காலையில் தோட்டத்துக்குள்ளேயே வந்து ஆள் ஏற்றும் ஃபேக்டரி பஸ்ஸில் ஏறிச் சுங்கை வேயில் ஹார்ட்டிஸ்க் செய்யும் தொழிற்சாலைக்குப் போனார். கண் மட்டும் தெரிய வெள்ளை அங்கி, பன்னிரண்டு மணிநேர ஷிஃப்ட், முழுநேரமும் மைக்ராஸ்கோப். தட்டுகளுக்கு நடுவே, அவற்றைப் படித்து எழுதும் ஹெட்டுகளைச் செருகும் வரிசையில் நின்றார். சுழலும் தட்டுக்கும் ஹெட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி சில நானோமீட்டர்தான். கண்ணுக்குத் தெரியாத தூசு ஒன்று விழுந்தாலும் தட்டு கீறும். "மூச்சை அடக்கிக்கிட்டு செய்யக் கூடாது தம்பி, கை நடுங்கும். சாதாரணமா மூச்சு விட்டுக்கிட்டே செய்யணும். அது வரவே எனக்கு ஒரு வருசம் ஆச்சு" என்றார்.

ஆலைகள் ஒவ்வொன்றாக ஆள் குறைத்தன. சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி வந்து பழைய வட்டின் சந்தையைத் தின்றது. பெட்டாலிங் ஜெயாவில் இருந்த தன் ஹார்ட்டிஸ்க் ஆலையை 2019 இறுதிக்குள் மூடப்போவதாக வெஸ்டர்ன் டிஜிட்டல் 2018 ஜூலையில் அறிவித்தது. அக்கா அதற்கு முன்பே வெளியே வந்துவிட்டார். மாதக்கணக்கில் வீட்டில் இருந்தவரிடம், கணினி பழுதுபார்த்துக்கொண்டிருந்த அக்கா மகன்தான் ஒரு செத்த வட்டைக் கொடுத்து, "சின்னம்மா, இதத் தொறக்க முடியுமா?" என்று கேட்டான். அன்று தொடங்கியது இந்த அறை.

வேறொரு வட்டுக்கு அவர் ஹெட் மாற்றுவதைக் கூண்டுக்கு வெளியே நின்று பார்த்தேன். அதே மாடலில் இன்னொரு வட்டை வாங்கி உறுப்பு எடுக்க வைத்திருந்தார். சீப்புப் போன்ற சிறு கருவியை ஹெட்டுகளுக்கு இடையில் நுழைத்தார். ஒன்றையொன்று தொட்டால் இரண்டும் பாழ். சீப்போடு சேர்த்தே கொத்தாக வெளியே இழுத்து, புதுக் கொத்தை அதே வழியில் உள்ளே விட்டார். வெளிப்பக்கச் சர்க்யூட் பலகையை மாற்ற வேண்டி வந்தால் பழைய பலகையிலுள்ள ஒரு சிறு சிப்பையும் பெயர்த்துப் புதியதில் ஒட்டுவாராம். ஒவ்வொரு வட்டுக்கும் தொழிற்சாலையில் தனித்தனியாகச் சீர்செய்யப்பட்ட அளவுகள் அந்தச் சிப்பில்தான் இருக்கின்றன. அந்த அளவுகளைச் சீர்செய்யும் வரிசைக்குப் பக்கத்தில் வருடக்கணக்கில் நின்ற பெண்ணுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இந்தக் கைக்கு என்ன கூலி? கிள்ளான் ஸ்டூடியோக்காரர் வட்டை நேராக இங்கே கொண்டுவரவில்லை. ஏசி போட்ட ஒரு கடையில் கொடுத்தார். "எங்கள் சொந்த ஆய்வகம்" என்று அச்சடித்த ரசீது கொடுத்தார்கள். ஆய்வகம் என்பது இந்த மாடி அறை. அப்படிக் கடை வழியாக வந்த ஒரு ஹெட் மாற்றும் வேலைக்குக் கவுண்டரில் 2,400 ரிங்கிட் வாங்கினார்கள், எங்களுக்கு 350 வந்தது என்றார் அக்கா. உறுப்புக்கு வாங்கிய வட்டின் விலையும் அந்த 350இலேயே அடக்கம். தோல்வி என்றால் கூலியே இல்லை. வாடிக்கையாளரிடம் வாங்கிய 'சோதனைக் கட்டணம்' மட்டும் கடைக்காரரிடம் பத்திரமாக இருக்கும்.

பணத்தைவிட எனக்குக் கோபம் மூட்டியது வேறு. பல கடைகள் முதலில் தாங்களே முயன்று பார்க்கின்றன. திருட்டு மென்பொருளைப் போட்டு, ஹெட் தடுக்கிக் கிர்ரென்று அழும் வட்டை ராத்திரி முழுக்கச் சுழலவிடுகிறார்கள். நகல் எடுக்காமலே பழுதுபார்க்கும் கட்டளையை ஓட்டுகிறார்கள். தட்டில் வட்டம் வட்டமாகக் கீறல் விழுந்த பிறகு, "இது முடியுமா பாருங்க" என்று இங்கே அனுப்புகிறார்கள். முடியாமல் போனால் பழி பூக்கடை மாடிக்கு. தோட்டத்தில் பால் வெட்டியவன் கைக்கும் பால் விற்ற பணத்துக்கும் நடுவே எத்தனை பேர் நின்றார்கள் என்பது நம் பாட்டன்மாருக்குத் தெரியும். பேத்தி நானோமீட்டரில் வேலை செய்கிறாள். நடுவில் நிற்பவர்கள் மட்டும் நகரவில்லை. நேரடியாக விளம்பரம் செய்தால் கடைகள் வேலை அனுப்புவதை நிறுத்திவிடும் என்பதால்தான் அந்த வாசலில் பலகை இல்லை.

இந்தக் கைவேலைக்கு ஆயுளும் குறைவு. எஸ்எஸ்டியில் கோப்பை அழித்தால், அந்த இடம் இனி வேண்டாம் என்று இயங்குதளமே வட்டுக்குச் சொல்லிவிடுகிறது, வட்டும் துடைத்துவிடுகிறது. பிறகு தேடுவதற்கு 53 ஈஎஃப் இருந்தாலும் அதன் பின்னால் ஒன்றும் இருக்காது. ஆனால் நம் கோயில்களிலும் சங்கங்களிலும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகளிலும் இன்னும் எத்தனையோ பழைய வட்டுகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. காணாமல்போன தோட்டங்களின் படங்களும் பதிவேடுகளும் அவற்றில் இருக்கின்றன. அந்த வட்டுகள் விழும் நாளில் இப்படிப்பட்ட கைகள் இருக்க வேண்டுமானால், இன்று அவர்கள் பிழைக்க வேண்டும்.

ஆகவே, சங்கப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் ஸ்டூடியோக்காரர்களுக்கும் சொல்கிறேன். முதலில், முக்கியமானதை மூன்று பிரதிகளாக வையுங்கள்; அதில் ஒன்று வேறு ஊரில், வெள்ளம் ஏறாத மாடியில் இருக்கட்டும். அப்படியும் வட்டு கெட்டால் மின்சாரத்தை நிறுத்துங்கள். திரை எதைக் கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். கடையில் கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: நகலெடுத்துவிட்டுத்தான் தொடுவீர்களா? வட்டைத் திறக்கப்போவது யார்? நான் கொடுக்கும் பணத்தில் அவருக்கு எவ்வளவு? மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்கும் கடையிலிருந்து வட்டைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். வேலை செய்கிறவரை விசாரித்துக் கண்டுபிடியுங்கள். அவர் மாடியேறிப் போய், கூலியை அவர் கையிலேயே கொடுங்கள்.