மல்லிக்கு ஒரு சத்தம், கடுகுக்கு ஒரு சத்தம்

பேளுக்குறிச்சிச் சந்தையில் படம் எடுக்கப்போவதாக நண்பன் சொன்னபோது, கேட்டவர்கள் எல்லோரும் கூட்டத்தை எப்படிச் சமாளிப்பாய் என்றுதான் கேட்டார்கள். எனக்குக் கூட்டத்தைப் பற்றிப் பயம் இல்லை. சந்தைக்கு வருகிறவர்களுக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கிறது. கொஞ்ச நேரம் கேமராவை வேடிக்கை பார்த்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். என் கவலையெல்லாம் சத்தத்தைப் பற்றியது. அந்தப் படத்துக்கு ஒலிப்பதிவு என் பொறுப்பு.

கொல்லிமலை அடிவாரத்தில், சேந்தமங்கலத்துக்கு வடக்கே இருக்கிறது ஊர். சனிக்கிழமை கூடும் சந்தைக்கு மளிகைதான் பேர். கோடை பிறந்துவிட்டால் வருஷத்துக்கு வேண்டிய சீரகம், வெந்தயம், கடுகு, மல்லி, சோம்பு, கசகசா எல்லாவற்றையும் ஒரே நடையில் வாங்கிப்போக வெளியூர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். கொல்லிமலை மிளகுக்கென்றே தேடி வருகிறவர்களும் உண்டு.

நண்பனின் கதை சிறியது. கல்யாணமாகி வெளியூர் போகவிருக்கும் மகளோடு ஒரு தாய் சந்தைக்கு வருகிறாள். புதுக்குடித்தனத்துக்கு மளிகை வாங்கித் தருகிறாள். பொழுது இறங்கும்போது இருவரும் பஸ் ஏறுகிறார்கள். அவ்வளவுதான். விலை கேட்பதற்கும் பேரம் பேசுவதற்கும் நடுவில் அந்தத் தாய் சொல்ல வந்து சொல்லாமல் விடுவதில்தான் படம் இருக்கிறது. நண்பன் நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் கணக்கு எழுதுகிறவன். சம்பளத்தில் மிச்சம் பிடித்ததும் சீட்டு எடுத்ததும்தான் முதலீடு. இயக்கம், கேமரா இரண்டும் அவனே. சமையலுக்கு ஒருவர், வண்டிக்கு ஒருவர், ஒலிக்கு நான்.

தாயாக நடித்தவர் ராசிபுரம் பக்கம் மிளகாய்க் காம்பு கிள்ளும் வேலைக்குப் போகிறவர். அதற்கு முன் கேமரா முன்னால் நின்றதில்லை. ஆனால் பேச ஆரம்பித்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். "அக்கட்டால வெச்சுட்டுச் சித்த நில்லு கண்ணு" என்று மகளிடம் சொல்லும்போது, அதட்டலும் அரவணைப்பும் ஒரே மூச்சில் வரும். இந்தப் பேச்சைப் படம் எடுத்து முடித்த பிறகு சென்னையில் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, திரையில் அசையும் தன் உதட்டைப் பார்த்து மறுபடி பேசச் சொன்னால் அவரால் முடியாது. தொழில்முறைக் குரல் கலைஞர் ஒருவரைப் பேசவைத்தால் வசனம் சுத்தமாக வரும், அந்தப் பெண்மணி காணாமல் போய்விடுவார். அதனால் நேரடி ஒலிப்பதிவு என்று முடிவு செய்தோம். பணம் இல்லாத படத்துக்கு இது பெரிய துணிச்சல்.

தமிழ்ப் படங்களுக்கு நேரடி ஒலி புதிதல்ல. இதே வட்டாரத்தில், சேலத்தில் டி.ஆர். சுந்தரம் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸ் 1937இல் 'சதி அகல்யா'வை வெளியிட்ட காலத்தில், நடிக்கும்போதே பேச்சையும் பதிவு செய்வதுதான் முறை. நாலு சுவருக்குள் எடுத்ததால் அது முடிந்தது. பிறகு கேமரா வயலுக்கும் ஆற்றங்கரைக்கும் போனது. கையில் தூக்கிப் போகிற கேமராக்கள் ஓடும்போது கடகடவென்று இரையும். பேச்சைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்ற வழக்கம் அப்படி வேர்விட்டு, கேமரா சத்தமே போடாத காலம் வந்த பின்னும் நிலைத்துவிட்டது. இந்தியில் 2001இல் 'லகான்', தமிழில் 2004இல் 'விருமாண்டி' போன்றவை அந்த வழக்கத்தை மீறி எடுக்கப்பட்டபோது அதுவே செய்தியாயிற்று. 2009இல் ரசூல் பூக்குட்டி 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தின் ஒலிக்காக ஆஸ்கர் வாங்கினார். மும்பைத் தெருக்களின் நெரிசலுக்கு நடுவே ஒலியைப் பிடித்த உழைப்பும் அதில் அடக்கம். அதற்குப் பிறகாவது நம் ஊர்ச் சிறுபடங்கள் ஒலிப்பதிவாளரைத் தேடும் என்று எதிர்பார்த்தேன். பெரும்பாலும் அது நடக்கவில்லை என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

படம்பிடிப்பது மலிந்துவிட்டது உண்மை. 400 அடி 35 எம்.எம். சுருள் நாலரை நிமிஷத்துக்குள் ஓடித் தீர்ந்துவிடும். ஒவ்வொரு டேக்கும் காசு. 2008இல் கேனான் 5டி மார்க் 2 வந்தபின், புகைப்படக்காரர் கழுத்தில் தொங்கும் கேமராவிலேயே சினிமாவுக்குப் பக்கத்தில் நிற்கும் படத்தை எடுக்கலாம் என்றாயிற்று. மைக் விஷயத்தில் அப்படி ஒரு புரட்சி நடக்க வழியில்லை. மைக்குக்கும் வாய்க்கும் நடுவே உள்ள தூரம் இரண்டு மடங்கானால் வந்து சேரும் ஒலியின் அழுத்தம் பாதியாகிவிடும். எத்தனை விலை கொடுத்து வாங்கிய மைக்கானாலும் இதுதான் கணக்கு. ஆகவே யாராவது ஒருவர் மைக்கைக் கம்பில் கட்டி, ஃபிரேமுக்குள் நிழல்கூட விழாமல், நடிப்பவர் தலைக்கு ஒரு முழம் மேலே பிடித்துக்கொண்டு நின்றாக வேண்டும். அந்தக் கம்புதான் பூம்.

எங்கள் பூம், சுவருக்குப் பெயிண்ட் அடிப்பவர்கள் வைத்திருக்கும் நீட்டுக் கம்பு. விரல் அசைவுகூட மைக்கில் கரகரவென்று ஏறும் என்பதால் பிடியில் சைக்கிள் டியூபைச் சுற்றியிருந்தேன். மைக் வாடகைக்கு எடுத்தது. காற்றைத் தடுக்கும் ரோம உறையைப் பார்த்துச் சந்தைக் குழந்தைகள் அணில் என்றார்கள். கையைத் தலைக்கு மேல் தூக்கி, முழங்கையைப் பூட்டாமல், பேசுகிறவர் பக்கம் மணிக்கட்டை மட்டும் திருப்ப வேண்டும். அடுத்தவர் பேச வாயெடுக்கும் முன் மைக் அவரிடம் போயிருக்க வேண்டும். வசனம் மனப்பாடமாக இல்லாவிட்டால் இந்த வேலை ஆகாது. ஒரு மல்லிக் கடைக்காரம்மா டேக் முடிந்ததும் என் தோளைத் தொட்டு, "ஏங் கண்ணு, எந்நேரமும் தூக்கிப் புடிச்சிட்டே நிக்கறயே, கை கடுக்காதா?" என்று கேட்டுவிட்டு மோர் கொண்டுவரச் சொன்னார்.

சனிக்கிழமைச் சந்தையில் தூரத்துக் காட்சிகளை எடுத்தோம். வசனக் காட்சிகளை அன்றைக்கு எடுப்பது நடக்காத காரியம். விலை கூவுகிறவர்கள், தகரக் கொட்டகையில் பட்டுத் திரும்பும் எதிரொலி, லாரி ஆரன் எல்லாம் சேர்ந்து தாயின் குரலை விழுங்கிவிடும். ஆகவே நெருக்கக் காட்சிகளுக்குச் சந்தை கூடாத நாளைத் தேர்ந்தெடுத்தோம். சனிக்கிழமைச் சத்தத்தைத் தனியாகப் பதிந்துவைத்து, அடியில் பரப்பிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. ஒரு மளிகை வியாபாரி வெறும் நாளில் வந்து எங்களுக்காகக் கடையைப் பரப்பினார். விற்பனை இல்லாத நாளில் மூட்டைகளை ஏற்றி இறக்கும் கூலியை அவரே கொடுத்தார். நாங்கள் நீட்டியதை வாங்கிக்கொள்ளவில்லை. அந்த மூட்டைகள் எனக்குச் செய்த உபகாரம் பெரிது. சரக்கு நிரம்பிய சாக்கு ஒலியை உறிஞ்சும். மூன்று பக்கமும் ஆளுயரத்துக்கு அடுக்கிவிட்டு நடுவில் தாயையும் மகளையும் நிறுத்தினால், ஸ்டுடியோவில் பஞ்சு வைத்துத் தைத்த சுவர் செய்கிற வேலையை மல்லி மூட்டை செய்தது.

இதில் ஒரு புதுச் சிக்கல் வந்தது. அமைதியான இடத்தில் மனிதர்கள் தணிந்து பேசுகிறார்கள். சந்தைக் கூட்டத்தில் நிற்கும் தாய் அப்படிப் பேசமாட்டாள். குரலை உயர்த்தி, முகத்தைச் சற்று முன்னே நீட்டி, பாதியைக் கைச்சாடையில் சொல்வாள். சத்தமாகப் பேசுங்கள் என்று சொன்னால் நாடகம்போல ஆகிவிட்டது.

வழி சொன்னவர் உள்ளூர் மைக் செட்காரர். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் செட் கட்டுகிறவர். பக்கத்துக் கூவைமலைப் பழனியாண்டவர் கோயில் விசேஷ நாட்களில் படப்பிடிப்பு வைக்காதீர்கள் என்று எங்களை முன்கூட்டியே எச்சரித்ததும் அவர்தான். நான் பதிந்த சனிக்கிழமைச் சத்தத்தைத் தன் பெட்டியில் ஏற்றி, மூட்டைகளுக்குப் பின்னால் ஸ்பீக்கரை வைத்துப் பெரிதாக ஓடவிட்டார். தாயும் மகளும் அந்த இரைச்சலுக்குள் வசனத்தை ஒருமுறை பேசிப் பார்த்தார்கள். பிறகு நண்பன் கை காட்ட, செட்காரர் சட்டென்று நிறுத்த, கேமரா ஓடியது. அந்தப் பெண்மணி இல்லாத சந்தையின் மேல் குரலை எறிந்தார். மகளைத் தேடி இல்லாத ஆட்களை விலக்கினார். ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. டேக் முடிந்தபின், "சத்தத்த நிறுத்துனாலும் காதுக்குள்ள அது ஓடிட்டேதானுங் இருக்குது" என்றார். நடிப்புப் பயிற்சி என்று சொல்லிக்கொடுக்கப்படுவதில் பாதியை அவர் தானாகவே கண்டுகொண்டிருந்தார்.

செட்காரரிடம் நான் கற்றுக்கொண்டது இன்னொன்றும் உண்டு. பஸ் நிறுத்தக் காட்சியை அந்தி நேரத்தில் எடுக்கத் திட்டமிட்டிருந்தோம். "பொழுது எறங்குனா சத்தம் நெலத்தோட ஓடுமுங்க. மத்தியானம் அடுத்த தெருவத் தாண்டாத செட்டு, ராத்திரியில அடுத்த ஊருக்குக் கேக்கும்" என்றார். அது அப்படியே அறிவியல். பகலில் தரையையொட்டிய காற்று சூடாக இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்துபோகிறது. பொழுது சாய்ந்ததும் நிலம் குளிர்ந்து, கீழே குளிர்ந்த காற்றும் மேலே சூடான காற்றுமாக நிலைமை தலைகீழாகும். மேலே போன ஒலி மடங்கித் தரைக்கே வரும். மலையடிவாரத்தில் சரிவிலிருந்து குளிர்காற்று இறங்குவதால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். கேமராவுக்கு மிக அழகான நேரம் எதுவோ, அதுவே ஒலிக்கு மிக மோசமான நேரம். எங்கோ போகும் லாரி பக்கத்தில் வந்து நிற்கும். போதாததற்குக் கோடைச் சில்வண்டுகள். அவை போடும் கீச்சொலி நம் பேச்சின் ச, ஸ ஓசைகள் இருக்கும் அலைவரிசையிலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். பிறகு பேச்சைக் கெடுக்காமல் அதைப் பிரிப்பது பெரும்பாடு. பஸ் காட்சியிலிருந்து வசனத்தை நீக்கிவிட்டோம். தாய் பையை மகளிடம் கொடுப்பது மட்டும் மிஞ்சியது. படத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான்.

ஒவ்வொரு இடத்திலும் வேலை முடிந்ததும் ரூம் டோன் எடுக்க வேண்டும். யாரும் பேசாமல், அசையாமல் இருக்க, அந்த இடத்தின் சும்மா இருக்கும் ஒலியை அரை நிமிஷம் பதிவது. வெட்டி ஒட்டும்போது வசனங்களுக்கு நடுவே விழும் ஓட்டைகளை அதை வைத்துத்தான் அடைக்க முடியும். பட்டினியோடு கிளம்பத் துடிக்கும் ஆட்களிடம் இதைக் கேட்பது கஷ்டம். மூட்டை தூக்க வந்திருந்த பெரியவர் ஒருவர், "மூச்சு விடலாமுங்களா?" என்று கேட்டார். மெதுவாக விடுங்கய்யா என்றேன். பதிவில் அவர் மூச்சு கேட்கிறது. அதை நான் நீக்கவில்லை.

பணம் இல்லாமல் படம் எடுப்பவர்களுக்கு முன்னோடிகள் நிறைய. மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் 1984இல் தொடங்கிய ஒடேசா என்ற அமைப்பு, ஊர் ஊராகப் படம் காட்டி மக்களிடம் காசு திரட்டி 1986இல் 'அம்ம அறியான்' எடுத்தது. விசைத்தறி ஊரான மாலேகானில் நாசிர் ஷேக் உள்ளூர் ஆட்களை வைத்து 'மாலேகான் கே ஷோலே' எடுத்தார். அவர் படமெடுக்கும் விதத்தைப் பற்றிய 2008 ஆவணப்படத்தில் சைக்கிளும் மாட்டுவண்டியும் படப்பிடிப்புக் கருவிகளாவதைப் பார்க்கலாம். நம் பக்கத்தில் பெருமாள்முருகனின் 'வறுகறி' கதையிலிருந்து தமிழ் இயக்கிய 'சேத்துமான்' 2022இல் வந்தபோது, கொங்குப் பேச்சு திரையில் இவ்வளவு இயல்பாக ஒலிக்க முடியுமா என்று நண்பன் திரும்பத் திரும்பப் பார்த்தான். இந்தப் படங்களைப் பற்றிப் பேசும்போது இயக்குநர் பேரைச் சொல்கிறோம், ஒளிப்பதிவாளரைச் சொல்கிறோம். வெயிலில் மைக்கைப் பிடித்து நின்றவர் யார் என்று யாரும் கேட்பதில்லை.

சென்னையில் மிக்ஸிங் செய்த இளைஞர் திறமைசாலி. முதலில் தாயின் குரலை மாற்றிவிடலாம் என்றார். இரைச்சல் இருக்கிறது, மொழி புரியாது என்றார். நண்பன் ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு அந்த இளைஞரே இரவெல்லாம் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் துடைத்து எடுத்தார். இரண்டாவது ரீலுக்குள் அவரும் அந்தப் பேச்சுக்கு வசப்பட்டிருந்தார். சாமான் கொட்டும் இடத்துக்குத் தன்னிடமிருந்த சேமிப்பிலிருந்து ஒரு தானிய ஒலியைப் போட்டுப் பார்த்தார். நான் சந்தையில் பதிந்தவற்றைக் கொடுத்தேன். கடுகு சாக்கில் விழும்போது இடைவெளியே இல்லாமல் சரசரக்கும். மிளகு ஒவ்வொன்றாகத் தட்டும். மல்லி எடையில்லாமல், உள்ளே காற்று இருப்பது தெரிய விழும். காய்ந்த மிளகாய்க்குள் விதை ஆடுவதுகூடக் கேட்கும். எல்லாவற்றையும் கேட்டு முடித்தவர், திரையை அணைத்துவிட்டு, "இன்னொரு தடவ போடுங்க சார்" என்றார்.

நண்பன் அடுத்த கதையை எழுதிக்கொண்டிருக்கிறான். இந்த முறை காரவள்ளி வழியாக 70 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி, கொல்லிமலை மேலே செம்மேட்டுப் பக்கம். போன வாரம் செலவுத் தாளை அனுப்பியிருந்தான். வழக்கமாகக் கேமரா வாடகை இருக்கும் முதல் வரியில் ஒலிப்பதிவு இருக்கிறது. சம்பளம் என்று போட்டு, இரண்டு ஆட்கள். இரண்டாவது ஆள் பேளுக்குறிச்சி மைக் செட்காரர். ஆவணியில் அவருக்குக் கல்யாண வேலை நிறைய இருக்குமாம். அதனால் படப்பிடிப்பைப் புரட்டாசிக்குத் தள்ளியிருக்கிறோம்.