நோன்பு லீவும் 22 பக்கமும்



நோன்பு லீவு விடப் போகிறோம். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் வழமையான கேள்வியும் வந்துவிட்டது. "டீச்சர், லீவுக்கு என்ன வேலை குடுக்கப் போறீங்க?" ஆளாளுக்குப் பதில் சொல்லிக் களைத்துப் போனதால், தரம் 3 படிப்பிக்கும் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான். இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

மூன்று வருடத்துக்கு முன்பு வரை ஒவ்வொரு லீவுக்கும் நாங்கள் ஒரு கட்டுக் கொடுத்தோம். ஒருவர் தமிழ் எழுதுவார், ஒருவர் கணிதம், ஒருவர் சுற்றாடல். எல்லாம் சேர்த்து 22 பக்கம். நோன்பு லீவு என்றால் முன்பக்கத்தில் ஒரு பிறையும் இருக்கும். கடையில் மூலப்பிரதியைக் கொடுத்துவிடுவோம், பெற்றோர் காசு கொடுத்துப் போட்டோக்கொப்பி எடுத்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் அது எங்களுக்குப் பெருமையாகவும் இருந்தது. பக்கத்துப் பாடசாலையில் 15 பக்கம்தான் என்று கேள்விப்பட்டபோது சிரித்துக்கொண்டோம், பொய் சொல்லக்கூடாது.

2022இல் கடதாசிக்குத் தட்டுப்பாடு வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே கடதாசி இல்லாமல் பிற்போடப்பட்டது. அதற்குப் பிறகு கொப்பி விலையும் போட்டோக்கொப்பி விலையும் பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை. ஒரு உம்மா பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கட்டை இரவல் வாங்கி, 22 பக்கத்தையும் கையாலேயே எழுதி எடுத்திருந்தார். படம் வருகிற இடத்தில் படம் கீறி, கட்டம் வருகிற இடத்தில் அடிமட்டம் வைத்துக் கட்டம் போட்டு. அதைப் பார்த்தபோதாவது எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். "என்ன அக்கறையான உம்மா" என்று பாராட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டோம்.

லீவு முடிந்து கட்டுகள் திரும்பி வரும். மூன்று வகுப்புக்கும் சேர்த்து நூற்றுக்கு மேல். தவணையின் முதல் வாரம் எப்படிப் போகும் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். வரவுப் பதிவேடு, பாடக்குறிப்பு, கூட்டம், நிறம் பூசாத மேசை கதிரை. நாங்கள் முதல் பக்கத்தில் ஒரு சரி, கடைசிப் பக்கத்தில் ஒரு சரி, கீழே ஒரு ஒப்பம் வைப்போம். நடுவில் என்ன இருந்தது என்று எங்களுக்குத் தெரியாது. ஒரு முறை ஒரே ஒழுங்கையில் இருக்கும் நாலு பிள்ளைகளின் கட்டிலும் ஒரே ராத்தாவின் கையெழுத்து இருந்ததை, தற்செயலாக ஒன்றன் மேல் ஒன்று விழுந்ததால் கண்டுபிடித்தோம். அந்த ராத்தா தரம் 9. எழுத்து நல்ல அழகு.

பிள்ளை கையில் தரும் வேலை ஒரு அமானிதம். அதைப் பார்க்காமல் சரி போடுவது என்ன என்று எங்களுக்குள் நாங்கள் கேட்டுக்கொள்ளவே இல்லை.

அந்த வருடம் நோன்பு லீவு முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கி மூன்று நாளாகியும் ஒரு மகன் வரவில்லை. வயிற்றுவலி என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். நாலாம் நாள் எங்களில் இரண்டு பேர் வீட்டுக்குப் போனோம். உம்மா வெளிநாட்டில் வீட்டு வேலை. வாப்பா தோணிக்குப் போகிறவர், வந்தால் வருவார். மகன் மூத்தம்மாவோடு இருக்கிறான். எங்களைக் கண்டதும் பின்பக்கத்தால் ஓடி, கிணற்றடியில் போய் நின்றுகொண்டான்.

மூத்தம்மா அலுமாரிக்கு மேலே கையை விட்டு ஒரு பொலித்தீன் பையை எடுத்தார். எலி கடித்துவிடும் என்று அங்கே வைத்தாராம். உள்ளே எங்கள் கட்டு. ஒரு மடிப்பு இல்லை, ஒரு கோடும் இல்லை. கடையிலிருந்து வாங்கியபடியே இருந்தது.

"அவன ஏசாதீங்க மகள்," என்றார். "எனக்கு வாசிக்கத் தெரியா. என்ன செய்யச் சொல்லிப் போட்டிருக்கெண்டு யாருட்டக் கேக்குற? டீச்சர் அடிப்பாங்கெண்டு பயந்துதான் வரல்ல."

நாங்கள் பிள்ளைகளுக்கு அடிப்பதில்லை. அவருக்கு அதைச் சொன்னோம். ஆனால் அவர் மன்னிப்புக் கேட்கும் குரலில்தான் கடைசிவரை பேசினார். எழுபது வயது மனுசி, எங்களிடம், எங்கள் 22 பக்கத்துக்காக.

லீவு முழுக்க மகன் என்ன செய்தான் என்று கேட்டோம். பள்ளிவாசலுக்குப் போய்க் கஞ்சி எடுத்து வருவானாம். தங்கள் வீட்டுக்கு மட்டுமில்லை, ஒழுங்கையில் நடக்க முடியாத மூன்று பேருக்கும் சேர்த்து. எந்த வாளியில் யாருக்கு எத்தனை கோப்பை, அஸருக்குப் பிறகு எந்த நேரம் போனால் வரிசை குறைவு, எல்லாம் அவனுக்குத் தெரியும். எங்கள் கட்டின் 9ஆம் பக்கத்தில் லீற்றர், மில்லிலீற்றர் கணக்கு இருந்தது. பால்காரன் ஒருவன் மூன்று வீட்டுக்குப் பால் ஊற்றுகிறான்.

இந்த இடத்தில், 'வாழ்க்கையே பெரிய பள்ளிக்கூடம்' என்று எழுதி முடித்தால் ஐந்நூறு லைக் விழும். நாங்கள் அப்படி எழுத மாட்டோம். கஞ்சி அளக்கத் தெரிந்த அந்த மகனுக்கு ஒரு வசனத்தைத் தட்டுத் தடுமாறாமல் வாசிக்கத் தெரியாது. அதுவும் உண்மை.

அடுத்த தவணை லீவுக்குக் கட்டு இல்லை என்று அறிவித்தோம். அதிபர், "பெற்றோர் கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்" என்றார். கேட்டார்கள். "பிள்ளை நாள் முழுக்க போனோடதான்" என்றார் ஒருவர். அது நியாயமான கவலை. ஆனால் 22 பக்கம் கொடுத்த காலத்திலும் போன் அதே கையில்தான் இருந்தது. "நீங்க சும்மா இருக்கிறதுக்கு எங்கட புள்ளையளப் பலி குடுக்கிறீங்க" என்று இன்னொருவர் குரல் பதிவு போட்டார். அந்த லீவில் வகுப்பில் கிட்டத்தட்ட பாதிப் பேர் காலையிலும் பின்னேரமும் டியூஷனுக்குப் போனார்கள். தரம் 3இல். புலமைப்பரிசில் தரம் 5இல்தானே என்று கேட்டால், "இப்பவே தொடங்கினாத்தான் வெட்டுப்புள்ளி தாண்டலாம்" என்கிறார்கள். கன்னங்கராவின் இலவசக் கல்விக் காலத்தில், வசதியில்லாத கெட்டிக்காரப் பிள்ளையை மத்திய கல்லூரிக்குக் கொண்டு சேர்க்க வந்த பரீட்சை அது. இன்று எட்டு வயதுப் பிள்ளையின் லீவுக்குள் நுழைந்து உட்கார்ந்திருக்கிறது. அதைப் பற்றி எழுதினால் இன்னொரு பதிவாகிவிடும்.

லீவு முடிந்து வந்ததும் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அழைத்து ஒரு பக்கம் வாசிக்க வைத்தோம். உண்மையில் எங்கள் முடிவு சரி என்று நிரூபிக்கத்தான் அதைச் செய்தோம். நடந்தது வேறு. வீட்டில் வாசிக்கும் ஆட்கள் உள்ள பிள்ளைகள் போனது போலவே வந்தார்கள், சிலர் இன்னும் நன்றாக. எட்டுப் பிள்ளைகள் பின்னால் போயிருந்தார்கள். ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் மாற்றி வாசிக்கிறார்கள், தவணை முடிவில் தெரிந்திருந்த சொல்லை இப்போது எழுத்துக் கூட்டுகிறார்கள். அந்த எட்டில் ஒருவன் கஞ்சி எடுத்த மகன்.

கட்டுக் கொடுத்தாலும் அவன்தான் அடிபடுகிறான், கொடுக்காவிட்டாலும் அவன்தான் அடிபடுகிறான். அன்றைக்கு இடைவேளையில் நாங்கள் மூன்று பேரும் தேநீர் குடிக்கவில்லை.

இந்த மாதிரிப் பதிவுகளில் வழமையாக பின்லாந்து வரும். அதை விட்டுவிடுவோம், அங்கே பிள்ளைக்குப் பக்கத்தில் நூலகம் இருக்கிறது. அமெரிக்காவில் ஹரிஸ் கூப்பர் என்ற ஆய்வாளர் வீட்டு வேலை பற்றிய பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, ஆரம்ப வகுப்புகளில் வீட்டு வேலைக்கும் அடைவுக்கும் இடையில் தொடர்பு மிகக் குறைவு என்று எழுதியிருக்கிறார். இதை மட்டும் பகிர்ந்துவிட்டு நிற்பவர்கள் அதிகம். அதே ஆள் 1996இல் நீண்ட விடுமுறை பற்றியும் ஆராய்ந்தார். விடுமுறையில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளின் வாசிப்பு தளராமல் நிற்க, வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளின் வாசிப்புப் பின்வாங்குவதாகக் கண்டார். எங்கள் எட்டுப் பேரை அவர் பார்த்ததில்லை, ஆனால் அவர்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்.

ஆகவே வேலை வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, லீவில் எது மறந்து போகிறது, அது எந்த வீட்டில் மறந்து போகிறது என்று பார்த்தோம். மறப்பது வாசிப்பு. மறக்கும் வீட்டில் புத்தகம் இல்லை, அல்லது வாசித்துக் கேட்க ஆள் இல்லை.

வகுப்பு வாசிப்பு மூலையில் இருந்த கதைப் புத்தகங்களைப் பிரித்து, அதற்கடுத்த லீவுக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு கொடுத்தோம். எழுத ஒன்றுமில்லை. கேள்வி இல்லை, சுருக்கம் இல்லை, படம் கீறுவதும் இல்லை. வாசிக்க வேண்டும், யாருக்காவது கேட்கும்படி வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். கேட்கிற ஆளுக்கு வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்று அழுத்திச் சொன்னோம். வியாழக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு எங்களில் பாடசாலைக்குப் பக்கத்தில் இருப்பவரின் வீட்டு விறாந்தையில் மாற்றிக்கொள்ளலாம். முதல் வியாழன் நாலு பேர் வந்தார்கள். கடைசி வியாழன் விறாந்தையில் செருப்பு வைக்க இடமில்லை. ஒன்பது புத்தகம் திரும்பவே இல்லை. ஒன்றை ஆடு தின்றுவிட்டது என்று ஒரு மகள் மீதியைக் கொண்டுவந்து காட்டினாள். கடைசிக் கதையின் முடிவு ஆட்டின் வயிற்றில். முடிவை அவளையே சொல்ல வைத்தோம்.

அந்த எட்டுப் பேருக்கு இது போதவில்லை. எழுத்துக் கூட்டும் பிள்ளைக்குப் புத்தகம் மட்டும் கொடுத்தால் அதுவும் அலுமாரிக்கு மேலேதான் போகும். பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும். இதில் எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது. "லீவு எங்களுக்கும் லீவுதான், வீட்டில் எங்களுக்கும் புள்ளையள் இருக்கு, நோன்பு காலத்தில் ஸஹருக்கு எழும்பி, இப்தாருக்குச் சமைச்சு, இதையும் யார் செய்வது?" என்று எங்களில் ஒருவர் கேட்டார். அவர் கேட்டதில் பிழை ஒன்றுமில்லை. இன்னும் அதற்கு நல்ல பதில் இல்லை. கிழமைக்கு இரண்டு நாள், முக்கால் மணித்தியாலம், முறை வைத்துச் செய்கிறோம். அவர் தன் முறையைத் தவறவிட்டதே இல்லை, ஆனால் கருத்தையும் மாற்றிக்கொள்ளவில்லை.

கஞ்சி எடுத்த மகன் இப்போது தரம் 5. மெதுவாகத்தான் வாசிக்கிறான். மூத்தம்மாவுக்கு ஒரே கதையை நாலு தரம் வாசித்துக் காட்டியிருக்கிறான். அவர் எங்களைக் கண்ட இடத்தில், "அந்த நரிட கதைய மாத்திக் குடுங்க மகள், எனக்குப் பாடமாகிட்டு" என்றார். புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளி தாண்டுவான் என்று நாங்கள் நினைக்கவில்லை.

இந்த நோன்பு லீவுக்கும் கட்டு இல்லை. ஸஹர் சாப்பிட்டுவிட்டுப் பிள்ளைகள் கொஞ்சம் அதிகமாகத் தூங்கினால் தூங்கட்டும். பாதி நோன்பு பிடிக்கிறவர்கள் பிடிக்கட்டும். போட்டோக்கொப்பிக் கடைக் காக்காவுக்கு மட்டும் எங்களோடு இன்னும் கோபம், அதைப் பெருநாளைக்குத் தீர்த்துக்கொள்வோம். யாருக்காவது பக்கம் பக்கமாக வேலை வேண்டுமென்றால் அது உங்கள் விருப்பம், எங்கள் பெயரில் வேண்டாம்.

புத்தகம் புதன்கிழமை கொடுக்கிறோம். பிள்ளையிடம் ஒரு சீலைப் பை கொடுத்துவிடுங்கள். பழைய சட்டைத் துணியில் தைத்தாலும் போதும். பொலித்தீன் பை வேண்டாம், உள்ளே ஈரம் பிடித்துப் பக்கங்கள் ஒட்டிக்கொள்கின்றன. ஆடு வளர்ப்பவர்கள் கொஞ்சம் உயரத்தில் வையுங்கள். அலுமாரிக்கு மேலே மட்டும் வேண்டாம்.