முழங்காலும் மண்வெட்டியும்

தமிழ்நாட்டை விட்டு வந்து பிற மாநிலத்தில் தோட்டம் போடுகிறவனுக்கு இரண்டு பஞ்சாங்கங்கள் வேண்டும். ஒன்று, அவன் பிறந்த மண் தந்தது. மற்றொன்று, அவன் வாழும் மண் தருவது. எங்கள் கோவில்பட்டிக் கரிசலில் புரட்டாசி பிறந்தால் விதைப்பு. ஐப்பசியும் கார்த்திகையும் மழைக்காலம். புனேயிலோ புரட்டாசி முடிவதற்குள் மழை விடைபெற்றுக்கொண்டு போய்விடும். அங்கே உழவன் வானத்தைப் பார்க்கத் தொடங்கும் நாளில் இங்கே உழவன் குடையை மடக்கி வைக்கிறான். அறுபது வயதுக்குப் பிறகு மூன்றாவது பஞ்சாங்கம் ஒன்றும் வந்து சேர்கிறது. அதை எழுதுவது நம் உடம்பு. முன்னிரண்டும் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒன்று போலவே இருக்கும். இந்த மூன்றாவதோ ஆண்டுக்கு ஆண்டு திருத்தி எழுதப்படும்.

நான் குடியிருக்கும் லோஹேகாவ் புனே நகரின் வடகிழக்கில் உள்ளது. லோஹம் என்றால் இரும்பு, காவ் என்றால் ஊர்; பெயரைத் தமிழாக்கினால் இரும்பூர் என்று சொல்லிவிடலாம். வைகாசி மாதத்தில் இம்மண்ணில் கடப்பாரையை இறக்கிப் பார்த்தவர் எவரும் இந்த மொழிபெயர்ப்பை மறுக்கமாட்டார். மராட்டிய மக்கள் போற்றும் துக்காராம் மகராஜின் தாய்வழி ஊர் இது என்பர். 1939-இல் இங்கே விமானத் தளம் அமைந்தது. இன்று பயணிகள் விமானமும் சுகோய் போர் விமானமும் ஒரே ஓடுபாதையிலிருந்து எழுகின்றன. தளத்தின் பட்டறை வேலைக்காக 1979-இல், என் 30-ஆம் வயதில், இவ்வூருக்கு வந்தேன். ஓய்வுக்குப் பின் இருக்கட்டும் என்று ஊர் எல்லையில் இரண்டு குண்டா நிலம் வாங்கினேன். குண்டா என்பது இவ்வூர் அளவு; 40 குண்டா ஓர் ஏக்கர். நம் கணக்கில் ஐந்து சென்ட். இரண்டு சென்டில் வீடு. மூன்று சென்டில் கொல்லை. அப்போது கிராமமாக இருந்த பகுதி, 2017-இல் புனே மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. சுற்றிலும் அடுக்குமாடிகள் எழும்பிவிட்டன. எங்கள் மூன்று சென்ட் மட்டும் பழைய கிராமத்தின் மிச்சம் போல் நிற்கிறது.

இதுவும் கரிசல்தான். தக்காணத்தின் எரிமலைப் பாறை காலப்போக்கில் கரைந்து மண்ணானது. ஈரம் பட்டால் பருத்து ஒட்டும். கோடையில் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஒன்றரை அடிக்குக் கீழே முரூம் என்று இவர்கள் சொல்லும் பாதி சிதைந்த பாறை. கோவில்பட்டியில் பிறந்தவனுக்கு இம்மண் அயலாகத் தோன்றவில்லை. அயலாக இருந்தது மழைதான்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் இருப்பதால் புனேக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 70 முதல் 75 சென்டிமீட்டர் மழையே கிடைக்கிறது. 60 கிலோமீட்டர் தொலைவில் மலைமேல் இருக்கும் லோணாவளாவில் இதைப் போல ஐந்து மடங்கு கொட்டும். அந்தச் சிறு பங்கையும் மராட்டிய உழவர் நட்சத்திரக் கணக்கில் பகுத்து வைத்திருக்கின்றனர். சூரியன் எந்த நட்சத்திரத்தில் நிற்கிறானோ அதன் பெயரே அந்தப் பதின்மூன்று பதினான்கு நாள் மழைக்கும் பெயர். ஜூன் 7 அல்லது 8-இல் மிருகம். பிறகு ஆர்த்ரா, புனர்வசு, புஷ்யம் என்று செப்டம்பர் இறுதியில் ஹஸ்தம் வரை போகும். ஒவ்வொன்றுக்கும் யானை, தவளை, கழுதை, நரி என ஒரு வாகனமும் உண்டு. யானையோ தவளையோ வந்தால் நல்ல மழை என்பார்கள். நாமும் கார்த்திகையில் சூரியன் நிற்பதை வைத்தே அக்கினி நட்சத்திரம் என்கிறோம். நாம் வெயிலுக்கு மட்டும் வைத்துக்கொண்ட கணக்கை இவர்கள் மழைக்கும் வைத்திருக்கிறார்கள், அவ்வளவே வேற்றுமை. கழுதை வாகனத்தில் வந்த மழை என் வெண்டைப் பாத்தியை மூழ்கடித்த ஆண்டும் உண்டு என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

மிருக மழை விழுந்த மறுநாள் காலையில் கொல்லையில் ஓர் அற்புதம் நிகழும். செந்நிறப் பட்டுத் துணியைக் கத்தரித்துப் போட்டாற்போலச் சிறு பூச்சிகள் ஈர மண்ணில் ஊர்ந்து செல்லும். மராட்டியர் இதை மிருகத்தின் பூச்சி என்பர். நம் ஊரில் தம்பலப்பூச்சி. சங்கப் புலவர் மூதாய் என்று பெயரிட்டு, முல்லை நிலத்துக் கார்காலத்துக்கு அதையே அடையாளமாக வைத்தனர். பள்ளியில் அச்சொல்லைப் படித்தபோது ஆசிரியர் பொருள் மட்டும் சொன்னார். பூச்சியை எனக்குக் காட்டியது லோஹேகாவ். முன்பெல்லாம் குந்தி உட்கார்ந்து அதன் மெல்லிய முதுகை விரலால் தொட்டுப் பார்ப்பேன். இப்போது நின்றபடியே பார்க்கிறேன். கண்புரை நீக்கிய பின் அதன் சிவப்பு முன்னைவிட நன்றாகவே தெரிகிறது. தொடுவதற்குத்தான் முழங்கால் இசைவதில்லை.

இந்த முழங்கால் வரலாற்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தோட்ட வேலையில் பெரும்பகுதி குனிவதும் குந்துவதும்தான். நம்முடைய மண்வெட்டிக்குக் காம்பு குட்டை. களைக்கொத்துக்கு அதைவிடக் குட்டை. இவ்வூர்க் குர்ப்பேயும் அப்படியே. குந்தி உட்கார்ந்தே வாழ்நாளைக் கழிக்கும் மக்களுக்காகச் செய்யப்பட்ட கருவிகள் இவை. நாற்பது வயதில் மிருக மழைக்கு முன் மூன்று சென்டையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கொத்திவிடுவேன். ஐம்பத்தைந்தில் இரண்டு ஞாயிறுகள் பிடித்தன. அறுபத்தைந்தில், கொத்துவதற்கு முன் எங்கே கொத்தாமல் விடலாம் என்று எண்ணத் தொடங்கினேன். எழுபதில் கட்டைச் சுவர் எழுப்பி, இரண்டரை அடி உயரத்தில் மேட்டுப் பாத்திகள் மூன்று அமைத்தேன். அகலம் நான்கடி, இரு பக்கமிருந்தும் கை நீட்டினால் நடுவரை எட்டும். மரமுக்காலியில் உட்கார்ந்து களையெடுக்கலாம். கீரை, வெங்காயம், மிளகாய் எல்லாம் மேடேறிவிட்டன. மண்வெட்டிக்கும் நீண்ட காம்பு போட்டாயிற்று. அதைப் பார்த்துச் சிரித்த நண்பர் ஒருவர், மறு வருஷம் அளவெடுக்க வந்தார்.

மருத்துவர் சொன்னவை சில தோட்டக்காரர் அறிய வேண்டியவை. நடுவயது தாண்டினால் தசை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறைகிறது. அறுபதுக்கு மேல் குறைவு விரைவாகிறது. அதனால் வேலையை அடியோடு நிறுத்துவது மருந்தாகாது. தசை உழைப்பால்தான் நிற்கும். குந்தியிருந்து சட்டென எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுவோருக்கு இது மிகுதி. முதுமையில் தாகம் தோன்றுவதே மங்கிவிடுகிறது. ஆகையால் தாகம் எடுக்கட்டும் என்று காத்திராமல் மணி பார்த்துத் தண்ணீர் குடிக்க வேண்டும். தோலும் மெலிகிறது, முள் கீறினால் ஆற நாளாகும். மண்ணில் கை வைப்பவர் பத்தாண்டுக்கு ஒரு முறை வில்வாத நோய்த் தடுப்பூசியைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். செடிக்கு நேரம் பார்த்து நீர் விடுகிறவன் தனக்கு விட மறந்துவிடுகிறான் என்று மருத்துவர் நகைத்தார்.

நீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 15 லிட்டர் வாளியைத் தூக்கினால் 15 கிலோ எடை. அதை ஒரு கையில் ஏந்தி நடந்தால் இடுப்பு ஒரு பக்கமாகச் சாயும். இப்போது ஐந்து லிட்டர் பூவாளி இரண்டு, கைக்கு ஒன்று. நடை மிகும், சாய்வு இல்லை. பங்குனி முதல் வைகாசி வரை எங்கள் பகுதியில் லாரித் தண்ணீர்தான் கதி. குடத்தை எண்ணிச் செலவழிக்கும் காலத்தில் செடிக்கு எவ்வளவு தருவது? கோல்ஹாப்பூர்க் கணிதப் பேராசிரியர் ஸ்ரீபாத் தபோல்கர் இதற்கு வழி காட்டினார். பிரயோக பரிவார் என்ற பெயரில் உழவர்களையே ஆராய்ச்சியாளராக்கியவர் அவர். காய்ந்த கரும்புத் தோகையையும் இலைச் சருகையும் மண்மேல் கனமாகப் பரப்பிவிட்டால் ஈரமும் காக்கும், மட்கி எருவும் ஆகும். எனக்கு இதில் வேறொரு நன்மையும் கிட்டியது. மூடாக்குப் போட்ட பாத்தியில் களை மிகக் குறைவு. களை குறைந்தால் குனிவதும் குறைவு. முதியோர்க்கென்றே சொன்னதுபோல் இருக்கிறது.

குளிர்காலம்தான் இவ்வூர்த் தோட்டத்துக்குத் திருவிழா. ஹஸ்த மழை ஓய்ந்ததும், அக்டோபர் முதற்பாதியில் ரோஜாவை வெட்டிவிட வேண்டும். ஆறேழு வாரத்தில் பூக்கும். பட்டாணி, முள்ளங்கி, பூக்கோசு, வெந்தயக்கீரை எல்லாம் ஐப்பசியில் விதைத்தால் தையில் கை நிறையும். நம் ஊரில் மலைமேல் விளைபவை இங்கே கொல்லையில் விளையும். சனவரி இரவுகளில் வெப்பம் பத்து டிகிரிக்குக் கீழே இறங்குவதும் உண்டு. அக்குளிரைப் பற்றிப் பேசுகையில் பாலக்காட்டில் பிறந்த எல். ஏ. ராமதாசை நினைக்காமல் இருக்க முடியாது. சர் சி. வி. இராமனிடம் பயின்றவர், 1932-இல் புனேயில் வானிலைத் துறையின் வேளாண் பிரிவு தொடங்கியபோது அதை நடத்தியவர். தெளிந்த, காற்றடங்கிய இரவில் மிகக் குளிர்ந்த காற்று தரையை ஒட்டி இருக்கும் என்றே அறிஞர் எண்ணியிருந்தனர். அது தரைக்குச் சற்று மேலே, சாண் கணக்கான உயரத்தில் இருக்கிறது என்று அவர் அளந்து காட்டினார். முதலில் பலர் நம்பவில்லை. இன்று அந்த அடுக்கு அவர் பெயராலேயே வழங்குகிறது. அதிகாலையில் மேட்டுப் பாத்தியின் ஓரத்தில் கை வைத்து நிற்கும்போது, என் விரல் மூட்டுகளும் அதே கருத்தைத்தான் சொல்கின்றன.

இரண்டாண்டுக்கு முன் ஒரு வைகாசிக் காலை. கத்தரிச் செடியின் அடியிலிருந்து எழுந்தேன், கண் இருண்டது. வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். ஐந்து நிமிடத்தில் சரியாயிற்று. ஆனால் செய்தி கடல் கடந்து மகனிடம் போய்விட்டது. "அப்பா, அந்த இடத்தைக் கொடுத்துவிட்டு ஒரு நல்ல பிளாட்டுக்குப் போய்விடுங்கள்" என்றான். அவன் சொன்னதில் அன்பு இருந்தது, கணக்கும் இருந்தது. அந்த வாரமே தரகர் ஒருவரும் வந்து, மூன்று சென்டுக்கு நான் பணிக்காலம் முழுவதும் வாங்கிய சம்பளத்தைவிட மிகுதியான தொகை சொன்னார். இரவெல்லாம் யோசித்தேன். காலையில் என் மனைவி, "பணத்தை வாங்கி எந்தச் சன்னலில் கறிவேப்பிலை வைப்பீர்கள்?" என்று மட்டும் கேட்டாள். அவளுடைய கைவிரல்களும் மடங்க மறுக்கின்றன. இருந்தும் கேட்டாள்.

இங்கிலாந்தில் ஊராட்சிகள் மக்களுக்குச் சிறு நிலத்துண்டுகளைத் தோட்டம் போட வாடகைக்கு விடுகின்றன. கேட்போர்க்குத் தர வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுச் சட்டம் வற்புறுத்தியது. முழுத்துண்டு என்பது ஏறத்தாழ ஆறு சென்ட். முழுவதும் இயலாதவர் பாதித்துண்டு வைத்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. நம் நாட்டில் 1965-இல் உணவு நெருக்கடியின்போது பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி தம் இல்லத்துப் புல்வெளியையே உழுதார். வீட்டுக்கொரு தோட்டம் என்றார். அந்த முழக்கம் ஒரு தலைமுறையோடு அடங்கிவிட்டது. பாதித்துண்டு என்ற சொல் மட்டும் என் மனத்தில் ஒட்டிக்கொண்டது.

அடுத்த சந்தில் பீட் மாவட்டத்து இளைஞன் ஒருவன் மனைவியோடும் பெண் குழந்தையோடும் இரண்டு அறையில் குடியிருக்கிறான். விமான நிலையத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை. வறட்சியில் நிலத்தை விட்டு வந்தவன். வேலிக்கு அப்பால் நின்று என் பாத்திகளைப் பார்ப்பான், பேசமாட்டான். அவனை அழைத்து, வடபாதியை நீ வைத்துக்கொள், விளைவதும் உனக்கே என்றேன். "காகா, மண்ணில் கை வைத்து ஆறு வருஷம் ஆயிற்று" என்றான். வாடகை பேசவில்லை. மிருகத்துக்கு முன் என் பாதியையும் சேர்த்துக் கொத்துவதும், ஏணி ஏறும் வேலையும் அவனுடையவை. ரோஜா வெட்டுவதும் நாற்று விடுவதும் என்னுடையவை.

எல்லாம் இனிமையாகவே நடந்தது என்று எழுதினால் பொய்யாகும். அவன் தன் பாதி முழுவதும் சேப்பு விதைத்தான். நம் சதகுப்பைக் கீரைதான். அந்த மணம் எனக்கு ஆகாது. அம்பாடியும் விதைத்தான், புளிச்சக்கீரை என்று தெரிந்ததும் என் மனைவி சமாதானமானாள். கடினமானது முருங்கை விஷயம். பெரியகுளத்துப் பி.கே.எம். விதையில் நான் வளர்த்த மரம் அவன் பாதியில் போயிற்று. கூரைக்கு மேல் உயர்ந்து, காயைத் துறட்டியாலும் பறிக்க முடியாத நிலை. காய்ப்பு முடிந்ததும் அவன் அரிவாளோடு வந்து, மூன்றடி உயரத்தில் வெட்டப் போகிறேன் என்றான். அந்த இனத்துக்கு அதுவே முறை, எனக்கும் தெரியும். நான் உள்ளே போய்ச் செய்தித்தாளை விரித்துக்கொண்டேன். வெட்டும் ஓசையை ஒரு சுகோய் வந்து மூடிற்று. இருபதாண்டுகளில் அந்த இரைச்சலுக்கு நான் நன்றி சொன்னது அன்று ஒரு நாள்தான். ஆர்த்ரா மழையில் அடிமரம் முழுவதும் தளிர்த்தது. இப்போது கீரையை நின்ற இடத்திலிருந்தே பறிக்கிறேன்.

வரும் மிருகத்துக்கு அவன் தன் பாதியில் நிலக்கடலை போட எண்ணியிருக்கிறான். எங்கள் ஊர்க் கடலையைப் பற்றி என் மனைவி ஏதோ சொல்லியிருப்பாள் போலும்; கோவில்பட்டி விதை கிடைக்குமா என்று சென்ற ஞாயிறன்று கேட்டான். என் தங்கை மகனுக்கு எழுதியிருக்கிறேன். ஒரு படி அனுப்பினால் போதும்.