யாரிடம் முதலில் கேட்டார்கள்?

என் பெரியம்மா கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். படித்துப் பார்க்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடமாட்டார். மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா கிளம்ப வேண்டியிருந்தது. திருச்சியில் ஒரு டிராவல்ஸ் கடையில் உட்கார்ந்து டிஎஸ்-160 விசா விண்ணப்பத்தை நிரப்பினோம். கடைக்காரர் வேகமாக க்ளிக் செய்துகொண்டே போக, பெரியம்மா நிறுத்தி நிறுத்தி வாசித்தார். உளவு பார்க்க வருகிறீர்களா? இனப்படுகொலையில் பங்கெடுத்ததுண்டா? குழந்தைகளைப் படையில் சேர்த்ததுண்டா? மனித உறுப்புகளைக் கட்டாயப்படுத்தி எடுத்ததில் தொடர்பு உண்டா? இவையெல்லாம் அவருக்குச் சிரிப்பாகத்தான் இருந்தன. ஆனால் ஒரு கேள்வி அப்படி இல்லை: பாலியல் தொழில் செய்ய வருகிறீர்களா, கடந்த பத்து ஆண்டுகளில் அதில் ஈடுபட்டதுண்டா?

பெரியம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் வாசித்தார்.

"எழுபது வயசுக்காரிகிட்ட இதைக் கேக்கணும்னு யாருக்குடி தோணுச்சு?"

"எல்லாம் ரெட்டைக் கோபுரம் விழுந்ததுக்கு அப்புறம் வந்த கேள்விங்கம்மா. எல்லாத்துக்கும் 'நோ'தான்" என்றார் கடைக்காரர். விசா கிடைத்தது, பெரியம்மா போய் பேரனைப் பார்த்துவிட்டும் வந்துவிட்டார். ஆனால் அவர் கேட்ட கேள்வி என்னிடமே தங்கிவிட்டது. பயங்கரவாதிகளுக்குப் பயந்து கேட்கிறார்கள் என்றால், இந்த ஒன்று அங்கே எதற்கு?

2001 கதை சீக்கிரமே உடைந்தது. ஆங்கில எழுத்தாளர் செஸ்டர்டன் 1922-இல் வெளியிட்ட தன் அமெரிக்கப் பயண நூலை இந்தக் கேள்விகளில் இருந்துதான் தொடங்குகிறார். நீங்கள் அரசை ஒழிக்க நினைக்கும் அராஜகவாதியா, பலதார மணம் செய்பவரா என்றெல்லாம் அவரிடம் கேட்டிருக்கிறார்கள். பலதார மணம் செய்பவர்களுக்கு 1891-இல் தடை வந்தது. அராஜகவாதிகளுக்கு 1903-இல். 1901-இல் அதிபர் மெக்கின்லியைச் சுட்டவன் தன்னை அராஜகவாதி என்று சொல்லிக்கொண்டதன் விளைவு அது. அவன் அமெரிக்க மண்ணிலேயே பிறந்தவன். எந்தத் துறைமுகத்தில் என்ன கேட்டிருந்தாலும் அவனைப் பிடித்திருக்க முடியாது.

இதைக் கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் அசைந்து கொடுக்கவில்லை. "அதெல்லாம் கப்பல் காலம் மேடம். நான் சொல்றது விசா ஃபாரம்." எனக்கும் விட மனமில்லை. அடுத்த முறை போனபோதும் அதே பேச்சு. கடைசியில் என்னை வாயடைக்க வைப்பதற்காகவே பரண்மேல் இருந்து பழைய ஃபைல் கட்டு ஒன்றை இறக்கினார். கம்ப்யூட்டருக்கு முந்தைய காலத்தில், டைப்ரைட்டரில் நிரப்பிய விண்ணப்பங்களின் ஜெராக்ஸ். ஓரமெல்லாம் மஞ்சளாகி, குத்தியிருந்த பின் துருப்பிடித்துத் தாளில் இறங்கியிருந்தது. 1990-களில் எம்.எஸ். படிக்கப் போன ஒரு பையனுடையது ஒன்று. பின்பக்கத்தில் போதைப்பொருளும் பாலியல் தொழிலும் ஒரே கேள்வியாக இருந்தன. கடைக்காரர் விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். "அட, அப்பவே இருந்திருக்கே" என்றார். அதன் பிறகு தேடலில் என்னைவிட அவருக்குத்தான் ஆர்வம்.

குடியேற்ற வழக்குகள் பார்க்கும் நண்பர் ஒருவர் வேறு காரணம் சொன்னார். யாரும் 'ஆமாம்' போடுவார்கள் என்று எதிர்பார்த்துக் கேட்பதில்லை, பொய்யான 'இல்லை'யை எழுதி வாங்கி வைத்துக்கொள்கிறார்கள் என்றார். லைபீரியப் போர்த்தளபதி முகமது ஜப்பாடே கதை அப்படித்தான். உள்நாட்டுப் போரில் கொடூரங்கள் செய்துவிட்டு அமெரிக்காவில் தஞ்சம் புகுந்து, அதையெல்லாம் மறைத்துக் குடியேற்ற அதிகாரிகளிடம் பொய் சொன்னார். 2017-இல் பிலடெல்பியா நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது, மறு ஆண்டு 30 ஆண்டு சிறை. போர்க்குற்றத்துக்காக அல்ல, பொய்க்காக. கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. தேடல் முடிந்தது என்றுகூட நினைத்தேன்.

பெரியம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "அது இன்னைக்கு எதுக்குப் பயன்படுதுங்கிறது. நான் கேட்டது, முதல்ல யாருகிட்ட கேட்டாங்கன்னு."

அதற்கு விடை 1875-இல் இருந்தது. கலிபோர்னியாவைச் சேர்ந்த அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் ஹொரேஸ் பேஜ் கொண்டுவந்த சட்டம். பாலியல் தொழிலுக்காகப் பெண்களைக் கொண்டுவருவதைத் தடுப்பதாகச் சொன்னது. சீனா, ஜப்பான் அல்லது எந்தக் கீழை நாட்டில் இருந்து வருபவரையும் கப்பல் ஏறும் துறைமுகத்திலேயே அமெரிக்கத் தூதரக அதிகாரி விசாரித்துச் சான்று தரவேண்டும் என்றது. "கீழை நாடுன்னா நாமளும்தானே" என்றார் பெரியம்மா.

ஹாங்காங்கில் டேவிட் பெய்லி என்ற அதிகாரி அந்த விசாரணையை நடத்தினார். மணமானவளா? எதற்காகப் போகிறாய்? உன் விருப்பத்தோடுதான் போகிறாயா? விபச்சாரத்துக்காகப் போகிறாயா? ஹாங்காங்கிலோ மக்காவோவிலோ அப்படிப்பட்ட வீட்டில் இருந்ததுண்டா? நீ ஒழுக்கமானவளா? அமெரிக்காவில் ஒழுக்கமாக வாழ்வாயா? இந்தப் பட்டியலைப் பெரியம்மா இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அவர் நிரப்பிய விண்ணப்பத்துக்கும் இதற்கும் நடுவே ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு. அதில் கேள்வியின் சொற்கள்தான் மாறியிருக்கின்றன.

சட்டம் வருவதற்கு முந்தைய ஆண்டே ஒரு சண்டை நடந்திருக்கிறது. 1874 ஆகஸ்டில் 'ஜப்பான்' என்ற கப்பலில் சான் பிரான்சிஸ்கோ வந்த சீனப் பெண்களில் 22 பேரை மாநில அதிகாரி இறங்கவிடவில்லை. கூடக் கணவனோ குழந்தையோ இல்லை, அதனால் நடத்தை கெட்டவர்களாம். தலைக்கு 500 டாலர் பிணை கேட்டார். வழக்கு மன்றத்தில் ஒரு பாதிரியார், உடுப்பை வைத்தே அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று சொல்லிவிடலாம் எனச் சாட்சி சொன்னார். அந்தப் பெண்கள் பணியவில்லை. சை லுங் என்ற பெண்ணின் பெயரில் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1876 மார்ச்சில் ஒருமனதாக அவர்கள் பக்கம் தீர்ப்பு. ஓர் அதிகாரி தன் இஷ்டத்துக்கு யாரையும் நடத்தை கெட்டவள் என்று முத்திரை குத்த இடம்கொடுத்த கலிபோர்னியச் சட்டம் செல்லாது என்றார் நீதிபதி மில்லர்.

பெரியம்மா கைதட்டினார். ஆனால் அதற்கு ஓராண்டு முன்பே, 1875 மார்ச் 3-இல், பேஜ் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. மாநிலத்துக்கு இல்லாத அதிகாரத்தை நாடாளுமன்றம் எடுத்துக்கொண்டது. 1882-இல் அமெரிக்காவுக்குள் வந்த சீனர்கள் 39,579 பேர். அதில் பெண்கள் 136. இத்தனை குறைந்ததற்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் மட்டும் காரணமில்லை. முன்பின் தெரியாத ஆணின் முன்னால் நின்று, தான் ஒழுக்கமானவள் என்று பதில் சொல்லக் கூசி ஊரிலேயே இருந்துவிட்ட மனைவிமார்கள் நிறைய இருந்திருப்பார்கள் என்கிறார்கள் இதை ஆராய்ந்தவர்கள். அவர்கள் விண்ணப்பிக்கவே இல்லை. அதனால் எந்த ஃபைலிலும் அவர்கள் பெயர் கிடையாது.