சாமி, கொஞ்சம் தள்ளிக்குங்க!

ஐந்தருவிக்கு ஆடிச் சாரலில்தான் போக வேண்டும் என்று யார் சொன்னது? கார்த்திகையில் போய்ப் பாருங்கள். ஆண்கள் பக்கம் முழுக்கக் கறுப்பு, நீலம், காவி. சபரிமலைக்குப் போகிற சாமிகள் வேன் வேனாக வந்து இறங்குகிறார்கள். 'சாமி, கொஞ்சம் தள்ளிக்குங்க' என்றால் பத்துத் தலை திரும்புகிறது!

மாலை போட்டவருக்கு ஆபீஸில் கிடைக்கிற மரியாதைதான் தெரியுமே. தாடி, வெறுங்கால், கறுப்பு வேட்டி... ஒரு மண்டலம், 41 நாள். நேற்று வரை 'யோவ்' போட்ட மேனேஜர், 'சாமி, அந்த ஃபைல்...' என்று குழைகிறார். டிரெஸ் ரூல் எல்லாம் அப்போது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. (வரவும் வேண்டாம்.)

பெண்கள் குளிக்கிற பக்கம் தனி. தென்காசி, கடையநல்லூர்ப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களும் வருவதுண்டு. பர்தா போட்ட அக்காமார், இடுப்பில் பிள்ளையும் கையில் துண்டுமாக அந்தப் பக்கம் போகிறார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவரவருக்கு அருவியில் இடம் பிடிக்கிற அவசரம்.

பிரான்ஸில் 2016 கோடையில் என்ன நடந்தது? உடம்பு முழுக்க மூடுகிற 'புர்கினி' போட்டுக் கடலில் குளிக்கக் கூடாது என்று கான் நகரம் தடை போட்டது. பின்னாலேயே வேறு பல ஊர்களும். துணி குறைந்தால் போலீஸ் வரும், கேள்விப்பட்டிருக்கிறோம். கூடினாலும் வரும் என்பது அப்போதுதான் தெரிந்தது!

அவ்வளவு தூரம் எதற்கு? 2022-ல் உடுப்பியில் ஹிஜாப் போட்ட மாணவிகளைக் காலேஜ் கேட்டிலேயே நிறுத்தினார்கள். தடை சரி என்றது கர்நாடக ஹைகோர்ட். சுப்ரீம் கோர்ட்டில் இரண்டு நீதிபதிகள், ஆளுக்கொரு தீர்ப்பு. நம்ம சாமிக்கு மேனேஜர் கொடுத்த 41 நாளில் ஒரு நாள்கூட அந்தப் பெண்களுக்குக் கிடைக்கவில்லை.

'நம்ம பக்கம் அதெல்லாம் கிடையாது சார்' என்று மார்தட்டிவிடாதீர்கள். ஐந்தருவிக்குப் பக்கத்தில்தான் செங்கோட்டை. 1956 வரை திருவனந்தபுரத்து ஆட்சியில் இருந்த ஊர். அந்தத் திருவிதாங்கூர் ராஜ்யத்தின் தெற்கே, நாடார் பெண்கள் தோள்சீலை போட்டதற்காகக் கலவரமே நடந்தது. கிறிஸ்தவர்களாக மாறிய பெண்கள் குப்பாயம் போடலாம், சீலை மட்டும் கூடாது என்று முதலில் உத்தரவு. 1859-ல் மகாராஜா எல்லா நாடார் பெண்களுக்கும் அனுமதி கொடுத்தார். அதிலும் ஒரு கண்டிஷன்: மேல்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக் கூடாது!

சாமிகளின் வேன்கள் அந்தச் செங்கோட்டை வழியாகத்தான் ஆரியங்காவுக்கு ஏறுகின்றன.