18 வளைவு

சவூதியிலிருந்து வரும் தங்கச்சியைக் கூட்டிவர, கல்முனையிலிருந்து கட்டுநாயக்காவுக்கு வேன் பிடித்திருந்தோம். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் வீட்டுப் பணிக்குப் போக முடியாதென்ற விதி 2022 இல் தளர்ந்து, எல்லை இரண்டு வயதானபோது போனவள். அவளுடைய மகளுக்கு இப்போது நாலு வயது. என் மடியில் இருந்தாள்.

மகாஓயா தாண்டும்வரை பிள்ளையின் கையில் என் தொலைபேசி. சத்தமில்லை, எனக்கும் நிம்மதி. மகியங்கனை கழிந்து 18 வளைவில் ஏறும்போது சத்தி எடுத்தாள். கண் அசையாத திரையில். உடம்போ வளைவுக்கு வளைவு ஆடுகிறது. தலை சுற்றாமல் என்ன செய்யும்? போனைப் பறித்துப் பைக்குள் வைத்தேன்.

“மாமா, உம்மா அதுக்குள்ளதானே இரிக்கா!” என்று வீரிட்டாள்.

இரண்டு வருடமாகத் தாயை அந்தத் திரையில்தான் கண்டிருக்கிறாள்.

தரம் ஒன்றுப் பிள்ளைகள் முப்பது பேரை ஆடியும் பாடியும் இருத்தி வைக்கிறவன் நான். பயிற்சிக் கலாசாலையில் படித்ததை வேனுக்குள் ஏன் மறந்தேன்? யன்னலைத் திறந்து, “வளைவ எண்ணுவமா மகள்?” என்றேன். பத்துவரை எண்ணினாள், மறுபடி ஒன்று. வழியில் நின்ற குரங்கையும் சேர்த்து எண்ணினாள். ஹுன்னஸ்கிரிய வந்ததே தெரியவில்லை.

விமான நிலையத்தில் தங்கச்சி கைகளை நீட்டினாள். பிள்ளை என் பின்னால் ஒளிந்தாள். போனை எடுத்துக் காட்டலாமா என்று கை பைக்குள் போனது. எடுக்கவில்லை.

“எத்தன வளைவு எண்ணின? உம்மாட்டச் சொல்லுங்க மகள்.”

வெகுநேரம் நின்றவள், மெல்லப் பத்து விரலையும் விரித்துக் காட்டினாள்.

தாயின் மடிக்குப் போக மேலும் மூன்று நாள் சென்றது.